காஸ்ட்லி போன் வாங்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

லட்சுரி போன்னு சொல்றதுல ரெண்டு வகை இருக்கு, இத முதல்ல பிரிச்சுக்கோங்க. ஒண்ணு ஐபோன் ப்ரோ, கேலக்ஸி அல்ட்ரா மாதிரி டாப் மாடல். இன்னொண்ணு நகை மாதிரி விக்கிற போன்.

நகை வகைக்கு வெர்ட்டுதான் பெரிய பேரு. 1998ல நோக்கியா ஆரம்பிச்சது, 2017ல அங்க மூடுற வரைக்கும் இங்கிலாந்துல கையால கோத்து செஞ்சாங்க, சபையர் கண்ணாடி, கீபேடுக்கு அடியில ரூபி கல்லுல பேரிங், ஒரு பட்டன அமுக்குனா டிக்கெட், ஓட்டல் டேபிள்னு எல்லாம் புக் பண்ணித் தர ஆளு லைன்ல வருவாரு. 2013ல அவங்க விட்ட டிஐ மாடல் 7,900 யூரோ, ஆனா உள்ள ஓடுனது ஆண்ட்ராய்டு 4.0, அப்பவே சாதாரண போன்லல்லாம் அதுக்கு அடுத்தது வந்தாச்சு. 2016ல வேற கம்பெனி விட்ட சோலாரின்ங்கிற போனும் இதே கததான், பத்தாயிரம் டாலருக்கு மேல வெல, சிப்பு போன வருஷத்து ஸ்னாப்டிராகன் 810. நல்ல வாட்ச்ச சர்வீஸ் பண்ணி பண்ணி பேரன் வரைக்கும் கட்டலாம், போன்ல அது நடக்காது, சுத்தி எத்தன கல்லு பதிச்சாலும் உள்ள இருக்கிற சிப்புக்கு வயசாயிடும். அழகுக்காக வாங்குறேன்னா தாராளமா வாங்குங்க, போனா நெனச்சு வாங்காதீங்க, அவ்ளோதான்.

இப்ப டாப் மாடல் விஷயம். வெலய மட்டும் பாக்காம அத நீங்க வச்சிருக்கப் போற மாசத்தால வகுத்துப் பாருங்க. மூணு மடங்கு வெல குடுத்து ஆறு வருஷம் வச்சிருந்தா, ரெண்டு வருஷத்துல தூக்கிப் போடுற சாதா போனும் அதுவும் மாசக் கணக்குல ஒண்ணுதான். ஆனா வருஷா வருஷம் மாத்துற ஆளுன்னா இந்தக் கணக்கு உங்களுக்கு ஒத்தே வராது. எத்தன வருஷம் அப்டேட் வரும்னு பாருங்க, பிக்சல் 8க்கும் கேலக்ஸி எஸ்24க்கும் 7 வருஷம்னு சொல்லியிருக்காங்க. நடுவுல ஒரு தடவ பேட்டரி மாத்துற காசையும் சேத்துக்கோங்க, ஆப்பிள் கணக்குப்படியே ஐபோன் 14 வரைக்கும் 500 தடவ முழுசா சார்ஜ் ஏறி எறங்குனா பேட்டரி புதுசுல புடிச்சதுல 80 சதவீதம்தான் புடிக்கும், 15ல இருந்து 1000 தடவ.

கேமராவுக்கு மெகாபிக்சல் நம்பர மறந்துருங்க. கடைக்குப் போனா உங்க பழைய போனையும் புதுசையும் கையில வச்சுக்கிட்டு வெளிச்சம் கம்மியான மூலையா பாத்துப் போங்க, கூட வந்தவங்கள கைய ஆட்டச் சொல்லி ரெண்டுலயும் எடுங்க, அப்புறம் விரல் கிட்ட பெருசு பண்ணிப் பாருங்க. பழசுல விரல் அஞ்சும் சேந்து ஒரு களி உருண்ட மாதிரி தெரிஞ்சு புதுசுல நகம் தனியா தெரிஞ்சா காசுக்கு ஏதோ இருக்குன்னு அர்த்தம். வெயில்ல எடுத்துப் பாக்காதீங்க, வெயில்ல எல்லா போனும் நல்லாத்தான் எடுக்கும். எடுக்குறது எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்ப மட்டும்தான்னா அது படத்த நசுக்கித்தான் அனுப்பும், பாதி வித்தியாசம் அங்கயே போயிடும்.

டைட்டானியம் பாடி, செராமிக் பின்பக்கம் இதுக்கெல்லாம் நான் ஒரு பைசா கூட குடுக்க மாட்டேன். என் போன் பின்னாடி என்ன கலருன்னு வீட்ல கேட்டாங்க, சத்தியமா ஞாபகம் வரல, வாங்குன அன்னிக்கே கவர் போட்டது, கழட்டிப் பாத்தா நீலம்.

ஸ்டோரேஜுலயும் உஷாரா இருங்க, அடுத்த சைஸுக்கு போனா ஏத்துற வெல ரொம்ப ஜாஸ்தி. இப்ப இருக்கிற போன்ல எவ்ளோ ரொம்பியிருக்குன்னு செட்டிங்ஸ்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

என் ஓட்டு போன வருஷத்து டாப் மாடலுக்குத்தான், புதுசு வந்ததும் வெல எறங்கும், கேமரா பெருசா மாறியிருக்காது. ஆனா அந்த 7 வருஷம் போன் வெளியான நாள்ல இருந்து எண்ணுறது, நீங்க வாங்குன நாள்ல இருந்து இல்ல, அதனால ரெண்டு வருஷம் பழைய மாடல்னா அஞ்சு வருஷத்து மாசத்தால வகுங்க.