பனியன் துணிக்கு எந்த வாஷ் என்ன செய்யும்? வெட்டித் துவைத்துப் பார்த்துவிடுங்கள்

துணியின் பிசிறை நீக்கும் என்சைம் வாஷ் நல்லதா, வழவழப்பாக்கும் சிலிக்கான் போதுமா என்று கேட்டால் என் பதில், உங்கள் துணியையே துவைத்துப் பாருங்கள் என்பதுதான். ஒரே ரோலிலிருந்து 40 செ.மீ. சதுரமாக நான்கு துண்டு வெட்டி, ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்து, நடுவில் அழியாத மையால் 25 செ.மீ. சதுரம் குறித்து, நீளவாக்கு எது என்று அம்புக்குறியும் போட்டு, ஒவ்வொன்றையும் எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு துண்டு வெறும் தண்ணீருக்கு. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பின்னும்போது இழுபட்டு நின்ற கண்ணிகள் தண்ணீர் பட்டதும் தளர்ந்து துணி சுருங்கும், அந்தப் பழியை என்சைம் மேல் போடக்கூடாது. அதனால் இந்தத் துண்டுக்கும் மற்றதற்குக் கொடுக்கும் அதே சூடு, அதே நேரம்.

இரண்டாவது துண்டுக்கு என்சைம். வழக்கமான ஆசிட் செல்லுலேஸ் (அமிலத் தண்ணீரில் வேலைசெய்து பருத்தி நாரை அரிக்கும் என்சைம்) என்றால் பி.எச். 4.5 முதல் 5.5, சூடு 50–55 டிகிரி, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். சும்மா ஊறவைத்தால் போதாது, மெஷின் ஓடித் துணி உரச உரசத்தான் மேலே நிற்கும் பிசிறு உதிரும். முடிந்ததும் 80 டிகிரிக்கு ஏற்றிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். இதில் சோம்பல் வேண்டாம், என்சைம் உயிரோடு இருந்தால் நூலையே அரித்துக்கொண்டிருக்கும், துணி வலுவிழந்துவிடும்.

மூன்றாவதுக்குச் சிலிக்கான். இது பிசிறை எடுக்காது, நூல்மேல் படலமாக உட்கார்ந்து வழவழப்பைத் தரும், தையல் ஊசியும் சுலபமாக இறங்கும். அப்புறம் காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீரில் மட்டும் துவைத்த துண்டு அதைச் சட்டென்று குடித்திருக்கும் இடத்தில், சாதாரணச் சிலிக்கான் போட்ட துண்டில் சொட்டு முத்துப்போல் நிற்கும். வியர்வை உறிஞ்ச வேண்டிய உடுப்புக்கு நான் அதைப் போடமாட்டேன்.

நான்காவதுக்கு முதலில் என்சைம், பிறகு சிலிக்கான்.

எல்லாவற்றையும் தட்டையாகப் பரப்பிக் காயவைத்து, ஒருநாள் ஒரே அறையில் வைத்தபின் அளந்து, எடையும் போடுங்கள். 25 செ.மீ. 23.5 ஆகியிருந்தால் சுருக்கம் 6 சதவீதம். ஜி.எஸ்.எம்.மை (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை) மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: 160 ஜி.எஸ்.எம். துணி நீளத்தில் 6, அகலத்தில் 3 சதவீதம் சுருங்கினால், என்சைம் எடையில் 3 சதவீதத்தைத் தின்றிருந்தாலும் ஜி.எஸ்.எம். அளக்கத் துணியை வட்டமாக வெட்டி எடுக்கும் கட்டர் 170 என்றுதான் காட்டும். எவ்வளவு பஞ்சு போனது என்பது முழுத் துண்டின் எடையில்தான் தெரியும்.