காஸ் டர்பைன் யூனிட்டில் முதல் ஷிப்டுக்குப் போகும் தம்பிமாருக்கு

களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கமிருந்து வளைகுடா மின்நிலையங்களுக்கு வேலைக்குப் போகும் பொடியன்மார், பயணத்துக்கு முதல் என்னிடம் ஒருதரம் வந்து போவார்கள். கட்டாரில் எரிவாயு மின்நிலையம் ஒன்றில் 11 வருடம் ஆபரேட்டராக இருந்தவன் நான். வேப்பமரத்தடியில் அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

போனவுடன் எத்தனை யூனிட், என்ன சேர்க்கை என்று கேட்டு வையுங்கள். இரண்டுக்கு ஒன்று என்றால் இரண்டு காஸ் டர்பைன், ஒரு நீராவி டர்பைன். நம் கெரவலப்பிட்டியில் உள்ள 300 மெகாவாட் நிலையமும் அந்த அமைப்புத்தான். காஸ் டர்பைனை விட்டு வெளியேறும் புகை 500, 600 பாகைச் சூட்டில் இருக்கும். அதைக் கொதிகலனுக்குள் விட்டு நீராவி எடுப்பதால், அதே எரிவாயுவில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மின்சாரம் கிடைக்கிறது.

ஸ்டார்ட் பண்ணும்போது நெருப்பு வைக்க முதல் பர்ஜ் நடக்கும். வெறும் காற்றைச் சில நிமிடம் ஊதி, உள்ளே தேங்கிய வாயுவைத் துரத்துவது. குசினியில் காஸ் மணத்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தானே அடுப்பை மூட்டுவோம்? மேலிருந்து யார் அவசரப்படுத்தினாலும் பர்ஜ் நேரத்தில் கை வைக்காதீர்கள். தேங்கிய வாயு தீப்பிடித்தால் கொதிகலனே வெடிக்கும்.

நிமிடத்துக்கு 3000 சுற்று வந்ததும் ஜெனரேட்டரை லைனோடு, அதாவது வெளியே போகும் மின்கட்டமைப்போடு, சேர்க்க வேண்டும். வோல்டேஜ் சரியா பாருங்கள். நம் ஜெனரேட்டரும் லைனும் ஒத்து ஓடுகின்றனவா என்று காட்டும் சிங்க்ரோஸ்கோப் முள், மணிக்கூடு ஓடும் திசையில் மெல்ல ஊர வேண்டும். 12க்கு வரச் சற்று முன் பிரேக்கர், அதாவது லைனோடு இணைக்கும் பெரிய சுவிட்ச், மூடும். இப்போது எல்லாம் ஆட்டோதான், ஆனாலும் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். பிரேக்கரைக் கையால் போடும் நாளில் முள் விரைந்து ஓடினால் போடாமல் விட்டுவிடுங்கள், அடுத்த சுற்று வரும்.

கோடை நடுப்பகலில் மெகாவாட் இறங்கினால் பயப்பட வேண்டாம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் டர்பைனுக்குள் போகும் காற்றின் எடை குறைகிறது, அவ்வளவுதான்.

நிறுத்துவதைத்தான் புதியவர்கள் லேசாக எடுக்கிறார்கள். நெருப்பு அணைந்த பிறகும் ரோட்டர், அதாவது உள்ளே சுற்றும் பாகம், பல மணி நேரம் கொதிக்கும். அசையாமல் விட்டால் மேல்பக்கம் சூடு, கீழ்ப்பக்கம் ஆறல், ரோட்டர் வளைந்துவிடும். அதனால் டர்னிங் கியர் என்ற சிறு மோட்டார் அமைப்பில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பேரிங்குகளுக்குப் போகும் லூப் ஆயிலும் (மசகு எண்ணெய்) ஓட வேண்டும். ஒருநாள் இரவு எங்கள் யூனிட்டில் அந்த மோட்டார் எரிந்து போனது. நானும் ஒரு மலையாள அண்ணனும் ஷாப்டில் வெண்கட்டியால் கோடு போட்டு, 15 நிமிடத்துக்கு ஒரு அரைச் சுற்றாக விடியும்வரை கையால் சுழற்றினோம். கையெல்லாம் கொப்புளம். அடுத்த ஸ்டார்ட்டில் அதிர்வு கூடவே இல்லை.

ஷிப்ட் மாறும்போது டர்னிங் கியர் எத்தனை மணிக்கு ஏறியது, ஆயில் அழுத்தம் எவ்வளவு என்று லாக் புத்தகத்தில் எழுதுங்கள். அப்புறம் அடுத்தவரைக் கூட்டிக்கொண்டு போய், ஷாப்ட் சுற்றுவதைக் கண்ணால் காட்டிவிட்டு அறைக்கு வாருங்கள்.