நாராவில் ஒரு நாள் சைக்கிள் சுற்று: முதல் முறை போகிறவர்களுக்கு

ஜப்பானின் நாராவுக்குப் போகிற பலர் மானுக்குத் தீனி போட்டு, பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு, மதியமே கியோட்டோவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். அதற்குச் சைக்கிளே வேண்டாம், எல்லாம் நடக்கிற தூரம்தான். சைக்கிள் தேவைப்படுவது மேற்குப் பக்கத்துக்கு. 710இல் தலைநகரான ஹெய்ஜோவின் அரண்மனை மைதானமும் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு கோயில்களும் அங்கேதான். போக வர இருபது கிலோமீட்டர் போல வரும். பாதை கிட்டத்தட்ட சமதளம். பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் மிதித்த பழக்கம் இருந்தால் போதும்.

1. காலையில் நடந்தே கிளம்புங்கள்

வாடகைக் கடைகள் பெரும்பாலும் ஒன்பது மணி வாக்கில்தான் திறக்கும். பெரிய புத்தர் இருக்கும் தோதாய்ஜி கோயிலோ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 7:30க்கே திறந்துவிடும், மற்ற மாதங்களில் 8 மணிக்கு. ஆகவே கின்டெட்சு நாரா ஸ்டேஷனில் இறங்கி இருபது நிமிடம் நடங்கள்.

முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை. முந்தைய நாளே சைக்கிள் எடுத்து, கூடையில் காகித வரைபடத்தைப் போட்டுக்கொண்டு, பூங்காவுக்குள் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு மான் கூடைக்குள் தலையை விட்டது. நான் பிடித்து இழுத்தபோது என் கையில் வந்தது நாராவின் கிழக்குப் பாதி மட்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் திரிகிற இடம் அது. சைக்கிளோடு அங்கே போவதில் உபயோகமில்லை.

தோதாய்ஜியின் தெற்கு வாசலில் இரண்டு பக்கமும் எட்டு மீட்டருக்கு மேல் உயரமான மர துவாரபாலகர்கள் நிற்பார்கள். 1203இல் செய்தவை. நேராக உள்ளே ஓடாமல் அவர்கள் கால் விரல்களைப் பாருங்கள், நரம்பு புடைத்திருக்கும். உள்ளே சுமார் 15 மீட்டர் உயர வெண்கல புத்தர். 752இல் இவருக்குக் கண் திறந்தவர் ஓர் இந்தியத் துறவி, போதிசேனர். நம் ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பார்களே, அதே சடங்குதான். அவர் பிடித்த தூரிகையோடு நீளமான நீலக் கயிறு ஒன்றைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். தூரிகையும் கயிறும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஷோசோயின் கருவூலத்தின் பொருட்களாக இன்றும் பாதுகாப்பில் இருக்கின்றன.

திரும்பும் வழியில் கொஃபுகுஜி கோயிலின் அருங்காட்சியகத்தில் 734இல் செய்த அசுரன் சிலையைப் பாருங்கள். மூன்று முகம், ஆறு கை, ஆனால் முகமோ கவலைப்படுகிற பையனின் முகம். பக்கத்திலேயே கருடன், கந்தர்வன், கின்னரன். ஜப்பானியப் பெயர்ப் பலகையைப் படிக்காமலே நமக்கு ஆள் தெரிந்துவிடும்.

2. சைக்கிள் எடுப்பது

பத்து மணிக்குள் ஸ்டேஷன் பக்கம் வந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டும் ரொக்கமும் கையில் இருக்கட்டும். முன்னால் கூடை வைத்த சாதாரண வண்டிக்கு அங்கே ‘மாமாச்சாரி’ என்று பெயர், அம்மாக்கள் ஓட்டுகிற சைக்கிள் என்று அர்த்தம். இந்தப் பாதைக்கு அதுவே தாராளம், பேட்டரி வண்டிக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பணம் கொடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: சீட் உயரம், இரண்டு பிரேக், பின் சக்கரத்து வளையப் பூட்டு. பூட்டினால்தான் சாவி கையோடு வரும். எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. ரோட்டில்

நம் ஊர் போலவே இடது பக்கம் ஓட்ட வேண்டும், அந்த வகையில் நிம்மதி. மற்றபடி அவர்கள் கறார். ஓட்டிக்கொண்டே போனைப் பார்ப்பதும் குடை பிடிப்பதும் சட்டப்படி குற்றம். ஒரு வாய் பீர் குடித்திருந்தாலும் வண்டியைத் தொடாதீர்கள். தலைகீழ் சிவப்பு முக்கோணம் தெரிந்தால் ஒரு கால் ஊன்றி முழுசாக நிற்க வேண்டும், மெதுவாக்கினால் போதாது. நடைபாதையில் சைக்கிள் படம் போட்ட நீலப் பலகை இருந்தால் மட்டும் ஏறலாம். முன்னால் போகிற பாட்டியைப் பார்த்து மணி அடிக்கக் கூடாது. கண்ட இடத்தில் நிறுத்தினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், மீட்கப் பணம் கட்ட வேண்டும்.

4. மேற்கே

முதலில் ஹெய்ஜோ அரண்மனை மைதானம், அரை மணி நேரத்தில் போய்விடலாம். 1998இல் திரும்பக் கட்டிய சுசாகு வாசலுக்கும் 2010இல் கட்டி முடித்த அரியணை மண்டபத்துக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. தண்டவாளத்துக்கு முன் இறங்கி நின்றுதான் கடக்க வேண்டும். அரசன் உலவிய இடத்தில் ஆபீஸ் கூட்டத்தோடு ரயில் தடதடத்துப் போவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். மைதானத்துக்குக் கட்டணம் இல்லை.

அங்கிருந்து மேற்கே வந்தால் அகிஷினோ ஆறு. கரையோரச் சைக்கிள் பாதையில் தெற்கே மிதித்தால் தோஷோதாய்ஜி கோயில். 759இல் இதை நிறுவியவர் சீனத் துறவி கன்ஜின். ஐந்து முறை கடல் கடக்க முயன்று தோற்று, பார்வையும் போய், ஆறாவது முறை வந்து சேர்ந்தவர். பிரதான மண்டபம் அதே எட்டாம் நூற்றாண்டு மரம்தான். உள்ளே ஆயிரம் கை அவலோகிதேஸ்வரருக்கு இப்போது மிச்சம் 953 கைகள். பின்னால் கன்ஜினின் சமாதிக்குப் போகும் வழியெங்கும் பாசி விரித்திருக்கும். ஒரு மணி நேரமாவது இங்கே கொடுங்கள்.

சாப்பாட்டைக் காலையிலேயே வாங்கிக் கூடையில் வைத்துக்கொள்வது நல்லது. சைவக்காரர்கள் கடையில் உமேபோஷி, அதாவது உப்பில் ஊறவைத்த பழம், வைத்த சோற்று உருண்டையைக் கேளுங்கள், புளிப்பும் உப்புமாக ஊறுகாய் சாதம் மாதிரி இருக்கும். மற்றதில் மீன் சாறு கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னும் ஐந்து நிமிடம் மிதித்தால் யகுஷிஜி கோயில். கிழக்குக் கோபுரம் 730ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மேற்கே நிற்பது 1981இல் கட்டியது. கிழக்குக் கோபுரத்தின் கூரைகளை எண்ணுங்கள், ஆறு வரும். ஆனால் அது மூன்றடுக்குதான். ஒவ்வோர் அடுக்குக்கும் கீழே ஒரு சின்னக் கூரை கூடுதலாகச் செருகியிருக்கிறார்கள்.

இரண்டு கோயிலும் ஐந்து மணிக்கு மூடும், டிக்கெட் அதற்கு முன்பே நின்றுவிடும். மூன்றரைக்கு யகுஷிஜியை விட்டுக் கிளம்பினால் கடை மூடுவதற்குள் நிதானமாகத் திரும்பலாம். நேரம் மிச்சமிருந்தால் மேற்கே இருக்கும் பெரிய குளத்துக்கு ஓர் எட்டு போங்கள். தண்ணீருக்கு அப்பால் இரண்டு கோபுரமும், அவற்றுக்குப் பின்னால் காலையில் நீங்கள் நடந்த பக்கத்து வகாகுசா மலையும் ஒரே பார்வையில் தெரியும்.