லேசர் நட்சத்திரத்தை மட்டும் நம்பினால் இரவு வீண்

வானியல் படிக்க ஆசைப்படும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் மாதம் ஒருமுறை எங்கள் காட்பாடி வீட்டு மொட்டைமாடியில் கூடுவார்கள். காவலூருக்குப் போய் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வந்ததில் பிடித்த ஆசை அது. போன மாதம் ஒரு பயிற்சி கொடுத்தேன்: லேசர் வழிகாட்டி விண்மீன் (லேசரால் வானில் உண்டாக்கும் செயற்கை நட்சத்திரம்) உள்ள தொலைநோக்கியில் ஓர் இரவு கிடைத்தால் எதைப் பார்ப்பீர்கள்? ஏழு பேர் எழுதினார்கள். அதில் ஐந்து பேர், ஒரு காலத்தில் நான் செய்த அதே தவறைச் செய்திருந்தார்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் லேசர் அறைக்குள் நுழைவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் சொல்லாமலே தெரியும்.

“லேசர்தான் இருக்கே சார், நிஜ நட்சத்திரம் எதுக்கு?”

தரையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில், எரிந்துபோன விண்கற்கள் விட்டுச் சென்ற சோடியம் அணுக்கள் மெல்லிய படலமாக இருக்கின்றன. 589 நானோமீட்டர் லேசரை அங்கே அனுப்பினால் அவை ஒளிரும். ஒரு காலத்தில் நம் தெருவிளக்குகளில் எரிந்த அதே மஞ்சள்தான். அந்தப் புள்ளியைப் பார்த்துக் காற்றின் கலக்கத்தை அளந்து, வளையும் கண்ணாடியால் சரிசெய்கிறோம். சிலியில் உள்ள பரனால் மலையில் ஒரு தொலைநோக்கியில் 2016 முதல் இப்படி நான்கு லேசர்கள், ஒவ்வொன்றும் 22 வாட்.

இவ்வளவும் லேசரே செய்வதால் வேறு நட்சத்திரம் வேண்டாம் என்று தோன்றிவிடுகிறது. வேண்டும். காற்று படிமத்தைக் கலைப்பது மட்டுமில்லை, மொத்தமாக அங்குமிங்கும் நகர்த்தவும் செய்கிறது. இந்த ஆட்டத்துக்கு டிப்-டில்ட் என்று பெயர். லேசரால் இதை அளக்க முடியாது.

ஏன் என்று புரியவைக்க, பென் டார்ச் ஒன்றை ரப்பர் பேண்டு போட்டு ஒரு பையனின் போனோடு கட்டினேன். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. “வீடியோவைப் போட்டுட்டு நல்லா ஆட்டுப்பா” என்றேன். சுவரில் வெளிச்ச வட்டம் தாறுமாறாக ஓடியது. வீடியோவிலோ அது அசையவே இல்லை, குறிதான் துள்ளியது. லேசரும் அப்படித்தான். மேலே போகும்போது காற்று அதைச் சாய்க்கிறது, திரும்பும்போது ஏறக்குறைய அதே அளவு சாய்த்து நேராக்கிவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து அனுப்பினாலும், எது போகும்போது வந்த சாய்வு, எது வரும்போது வந்தது என்று பிரிக்க வழியில்லை. அசைவைக் காட்ட அந்தச் சாக்பீஸ் குறிபோல ஒரு நிஜ நட்சத்திரம் வேண்டும்.

எனக்கு இந்தப் புத்தி வந்தது வெளிநாட்டு மலை ஒன்றில். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த இரவு. பால்வீதியிலிருந்து விலகிய, நட்சத்திரங்கள் அருகிய பகுதியில் ஒரு தொலைதூர விண்மீன் மண்டலத்தை (கேலக்ஸி) தேர்ந்தெடுத்திருந்தேன். லேசர் ஏறியது, வானம் அருமை. தொலைநோக்கியை இயக்குபவர், “டிப்-டில்ட் நட்சத்திரம் எது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்துக்கு ஏற்ற ஒன்று வானத்திலேயே இல்லை. மாற்று இலக்கும் கையில் இல்லை. பாதி இரவு பட்டியலைப் புரட்டுவதிலேயே போயிற்று.

இன்றும் எரிச்சல் வருகிறதென்றால், ஐந்து நிமிட வேலை இது என்பதால்தான். கையா விண்கலம் தந்த நட்சத்திரப் பட்டியலைத் திறந்து, இலக்கைச் சுற்றி ஏறக்குறைய ஒரு ஆர்க்மினிட்டுக்குள் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), 18ஆம் ஒளியளவை (எண் கூடக்கூட மங்கல்) ஒட்டி அல்லது அதைவிடப் பிரகாசமாக ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லை கருவிக்குக் கருவி மாறும். கிடைத்தது நட்சத்திரம்தானா, மங்கலான விண்மீன் மண்டலமா என்றும் பாருங்கள். இலக்கின் அழகெல்லாம் அப்புறம்.

ஃபோகஸை மறப்பது

தலைக்கு நேர் மேலே 90 கிலோமீட்டர் என்றால், தொலைநோக்கி 60 டிகிரி சாயும்போது சோடியம் படலம் சுமார் 180 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. இந்தக் கணக்கைக் கருவியே பார்த்துக்கொள்ளும். ஆனால் படலமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. சில நூறு மீட்டர் ஏறி இறங்கினாலே 8 மீட்டர் தொலைநோக்கியில் ஃபோகஸ் கலையும். புதியவர்கள் காற்றைக் குறை சொல்வார்கள். இதையும் காட்டிக்கொடுப்பது அந்த நிஜ நட்சத்திரம்தான்.

மெல்லிய மேகம்

லேசரை நிறுத்துங்கள்.

விமானம்

விமானம் வருகிறதோ என்று சந்தேகம் வந்தாலே லேசரின் ஷட்டரை மூடுங்கள். ஜவ்வாது மலை முகாம்களில் பச்சை லேசர் பேனாவால் நட்சத்திரம் காட்டுகிறவர்களுக்கும் இதேதான். சென்னை–பெங்களூரு விமானங்கள் நம் தலைக்கு மேலேதான் போகின்றன.