லேசிக் செய்திருந்தாலும் பழைய பவரைச் சொல்லுங்கள்

வெளிநாட்டில் வந்து இறங்கியதும் காப்பீடு எடுப்பது, மருத்துவரிடம் பதிவு செய்வது எல்லாம் எப்படியும் நடந்துவிடும். கண்ணாடிக்கான பரிசோதனை வேறு, கண் நோய்க்கான சிகிச்சை வேறு என்று காப்பீட்டில் பிரித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது, பதிவுப் படிவத்தில் கண்ணைப் பற்றி வரும் கேள்வி. என் நண்பனுக்கு மைனஸ் 8 பவர். ஊரிலேயே லேசிக், அதாவது கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் அறுவை சிகிச்சை, செய்துகொண்டுதான் விமானம் ஏறினான். கண்ணாடிதான் போய்விட்டதே என்று, கிட்டப்பார்வை 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டான். பிறகு ஒருநாள் வலது கண்ணின் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னல். அப்புறம் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள். மருத்துவரிடத்துக்குப் போன் செய்தான். "கண்ணாடி போடுவீர்களா?" இல்லை. "கணினி நிறைய பார்ப்பீர்களா?" ஆமாம். சரி, கண் சோர்வு என்று சொல்லி, சாவகாசமாக ஒரு தேதி கொடுத்தார்கள். லேசிக் செய்தீர்களா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தத் தேதி வருமுன்னே கீழிருந்து ஒரு நிழல் ஏறிப் பாதிப் பார்வையை மறைத்துவிட்டது. விழித்திரை கிழிந்து, நடுப்பகுதி வரை விலகியிருந்தது.

லேசிக் மாற்றுவது கண்ணின் முன்னால் இருக்கும் ஒளி ஊடுருவும் படலமான கார்னியாவை மட்டும்தான். கிட்டப்பார்வையில் கண்ணே நீண்டிருக்கும். பொதுவாக 24 மில்லிமீட்டர் அளவில் இருப்பது, மைனஸ் 6-ஐத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் 26-க்கு மேல் போகும். அந்த நீளத்துக்கு இழுபட்டு மெலிந்த விழித்திரை, லேசிக்குக்குப் பிறகும் அப்படியேதான் இருக்கும். கண் நீர் அழுத்த நோய்க்கும் சீக்கிரமே வரும் புரைக்கும் உள்ள வாய்ப்பும் குறையாது. கார்னியா மெலிந்துவிடுவதால், கண் அழுத்தத்தை அளந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதற்காகவும் லேசிக்கைச் சொல்லியே ஆக வேண்டும்.

அறுவை சிகிச்சையில் அவன் கண்ணுக்குள் வாயு நிரப்பினார்கள். அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறிவிடும். தங்கையின் கல்யாணத்தை வீடியோவில்தான் பார்த்தான், அதுவும் ஒற்றைக் கண்ணால்.

ஆகவே மின்னல், புதுப் புள்ளிகள், நிழல் இவற்றில் எது வந்தாலும், "எனக்கு முன்பு மைனஸ் இவ்வளவு இருந்தது" என்று தொடங்கி, அன்றே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். வெறும் கிழிசல் என்றால் பெரும்பாலும் லேசரோடு முடிந்துவிடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும்போது கதவு நிலை நெளிந்து தெரிந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். விழித்திரையின் நடுவில் புது ரத்தக்குழாய் கசிந்துகொண்டிருக்கலாம், அதற்கு ஊசி இருக்கிறது.

லேசிக்குக்கு முந்தைய பவர் சீட்டை வீட்டில் தேடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கண்ணாடிக்குப் பவர் பார்ப்பதோடு நிறுத்தாமல், சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வெளிச்சம் கூசும், சில மணி நேரம் போன் எழுத்துகூட மங்கலாகத்தான் தெரியும்.