வலது விங்கிலிருந்து உள்ளே வெட்டி அடிப்பது: யமாலிடம் பார்த்துப் பழக வேண்டியவை

2024 ஜூலை 9, மியூனிக். யூரோ (ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை) அரையிறுதியின் 21-வது நிமிடத்தில் பிரான்ஸுக்கு எதிராக ஸ்பெயினின் வலது விங் (வலது ஓர) ஆட்டக்காரர் லாமின் யமால் அடித்த கோலில் எல்லாரும் பார்ப்பது பந்து வளைந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனதைத்தான். பழக வேண்டியது அதற்கு முந்தைய இரண்டு நொடி. எதிரே பிரான்ஸின் ரபியோ நெருங்காமல் தள்ளி நின்றார். யமால் தோளைச் சாய்த்துப் போக்குக் காட்டி, பந்தை இடதுகாலுக்கு நகர்த்தி, கால் வீச இடம் கிடைத்ததும் அடித்துவிட்டார். 17 வயது நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது.

ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் திரும்பி அடிக்கும் இதை இடதுகாலர்கள் பழக, வலது டச்லைனிலிருந்து (பக்கக் கோட்டிலிருந்து) 5 மீட்டர் உள்ளே, கோல் கோட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள். உங்களுக்கு 8 மீட்டர் முன்னால் டிஃபென்டராக (தடுப்பவராக) ஒருவர் நிற்கட்டும். ஆள் இல்லையென்றால் கோன் போதும், ஆனால் கோன் ஏமாறாது என்பதால் பாதிப் பயிற்சிதான். பாதி திரும்பிய உடம்போடு பாஸை வாங்கி, நேராக அவரை நோக்கி ஓட்டுங்கள். இரண்டு மீட்டர் இருக்கும்போது வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் தோளைச் சாயுங்கள். அவர் எடை அந்தப் பக்கம் சாய்ந்த கணத்தில், இடதுகாலின் வெளிப்புறத்தால் பந்தை உள்பக்கமாக, கொஞ்சம் முன்னோக்கித் தள்ளுங்கள். ஒரு மீட்டர் போதும்.

பெரும்பாலும் கெடுவது இந்தத் தள்ளலில்தான். பந்து காலடியிலேயே கிடந்தால் வீச இடமிருக்காது. முன்னேறாமல் பக்கவாட்டில் மட்டும் போனால் நடுக்கள ஆட்டக்காரர் வந்து பிடுங்கிவிடுவார்.

அடிக்கும்போது ஊன்றும் வலதுகால் பந்துக்கு ஒரு சாண் பக்கத்தில் இருக்கட்டும். பெருவிரல் மூட்டின் உட்புறத்தால் பந்தின் இடப்பக்கத்தை, நடுவுக்குச் சற்றுக் கீழே தொட வேண்டும். தூரக் கம்பத்துக்கு வெளியே குறிவைத்தால் வளைவு உள்ளே கொண்டுவரும். பின்னால் சாய்ந்தால் பந்து கோல் பாருக்கு மேலேதான்.

எட்டு எட்டாக மூன்று சுற்று, இடையில் இரண்டு நிமிட ஓய்வு, வாரத்துக்கு இரண்டு நாள். ஒவ்வொரு எட்டிலும் இரண்டு முறையாவது வெளிப்பக்கமாகப் போய் வலதுகாலால் கிராஸ் போடுங்கள் (கோல் முன்னால் பந்தை அனுப்புங்கள்). எப்போதும் உள்ளேயே வெட்டுபவரை எந்த லெஃப்ட் பேக்கும் (எதிரணியின் இடப்பக்க டிஃபென்டரும்) பத்து நிமிடத்தில் படித்துவிடுவார். இன்னும் இரண்டு முறை, அடிப்பது போல வந்து இடது விங்குக்குப் பாஸ் கொடுங்கள். ஜூலை 14 பெர்லின் இறுதியாட்டத்தின் 47-வது நிமிடத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்பெயினின் இடது விங் ஆட்டக்காரர் நிகோ வில்லியம்ஸ் அடித்த கோல் அப்படி வந்ததுதான்: யமால் வலமிருந்து உள்ளே வர, டிஃபென்டர்கள் அவரை நோக்கிக் குவிய, மறுபக்கம் திறந்துகொண்டது.

பதின்வயதுக்காரர்கள் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம். உள்ளே வெட்டி அடிப்பது தொடையிடுக்குத் தசையை இழுக்கும். அங்கே வலி வந்தால் அன்றே நிறுத்துங்கள். 2023 ஏப்ரல் 29 அன்று ரியல் பெட்டிஸுக்கு எதிராக 15 வயது யமாலை 83-வது நிமிடத்தில் இறக்கிய அவரது கிளப் பார்சிலோனா, அந்த சீசனில் முதல் அணிக்கு மறுபடி ஆடவிடவில்லை. 16 வயதில் அதே அணியில் அறிமுகமான அன்சு ஃபாத்திக்கு 2020 நவம்பரில் இடது முழங்கால் மெனிஸ்கஸ் (மூட்டுக் குருத்தெலும்பு) கிழிந்தது. களத்துக்குத் திரும்பப் பத்து மாதத்துக்கு மேல் ஆயிற்று.