டேப்பிலிருந்து கோப்புகளை மீட்பது: லினக்ஸில் முதல்முறை செய்பவர்களுக்கு

டேப்பிலிருந்து ஒரு கோப்பை மீட்டுத் தரும்படி முதல்முறையாக உங்களிடம் கேட்கப்படும்போது, கேட்பவர் பெரும்பாலும் பதற்றத்தில் இருப்பார். நீங்களோ அந்த டிரைவைத் தொட்டே மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்யத்தக்க விளக்கமாக இதை எழுதுகிறேன். லினக்ஸ் கணினி, எல்டிஓ எனப்படும் காந்தநாடா வகைக்கான டிரைவ், கோப்புகளை ஒரே தொகுப்பாக எழுதவும் விரிக்கவும் உதவும் குனு டார் கட்டளை ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொள்கிறேன். பிற யூனிக்ஸ் வகைகளில் மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

கட்டளைகளை வாசிக்கும் ஒலிப்படி தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டவேண்டும். டாருக்கு ஓரெழுத்து விருப்பங்களைத் தவிர்த்து முழுச்சொல் விருப்பங்களையே பயன்படுத்தியிருக்கிறேன். தட்டுவதற்கு நீளம் என்றாலும், பதற்றத்தில் ஓரெழுத்து மாறி, பட்டியலிடுவதற்குப் பதில் பழைய டேப்பின்மேல் எழுதிவிடும் ஆபத்து அதில் குறைவு.

கட்டளைகளுக்குப் போகும் முன் டேப்பின் இயல்பை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜுக்குள் 846 மீட்டர் நீளமும் 12.65 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட நாடா சுருண்டிருக்கிறது. வட்டில் இருப்பதுபோல் அதில் அடைவுகளோ கோப்புப் பெயர்களோ கண்ணுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையின் முழுக் காப்புநகல், அதன்பின் திங்கள், அதன்பின் செவ்வாய் என ஒவ்வொரு தொகுப்பும் ஒன்றையடுத்து ஒன்றாகப் பதிந்திருக்க, இரண்டு தொகுப்புகளுக்கு நடுவே ஃபைல்மார்க் எனப்படும் ஓர் எல்லைக்குறி மட்டும் இருக்கும். டிரைவின் ஹெட் (நாடாவைப் படிக்கும் முனை) இப்போது எந்த எல்லைக்குறிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதை நீங்கள் அறியாவிட்டால், டார் கட்டளையை எவ்வளவு சரியாகத் தட்டினாலும் வேறொரு நாளின் தரவுதான் வெளியே வரும். தொடக்கநிலையில் நிகழும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தால் நிகழ்பவை என்பது என் அனுபவம்.

செருகுவதற்கு முன்

கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் சிறிய நகரும் தாழ் ஒன்று இருக்கும். அதைப் பூட்டிய நிலைக்குத் தள்ளுங்கள்; இனி எந்தக் கட்டளையாலும் இந்த டேப்பின்மேல் எழுத இயலாது. மீட்புப் பணியில் நான் செய்யும் முதல் வேலை எப்போதும் இதுதான். குளிரூட்டப்பட்ட காப்பறையிலிருந்தோ வெளியூரிலிருந்தோ டேப் வந்திருந்தால், உடனே செருகாமல், டிரைவ் இருக்கும் அறையில் ஒரு நாள் வைத்திருந்து பிறகு பயன்படுத்துவது நல்லது.

டிரைவின் தலைமுறையையும் பாருங்கள். எல்டிஓ-7 வரையிலான டிரைவ்கள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படிக்கும். ஆனால் எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 டேப்பையும் தன் தலைமுறை டேப்பையும் மட்டுமே படிக்கும். எல்டிஓ-6 டேப்பை அதில் செருகுவதில் பயனில்லை. பழைய டேப்புகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவற்றைப் படிக்கும் டிரைவைக் கழித்துவிடும் நிறுவனங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்தால் இதை இன்றே எழுத்துமூலமாகத் தெரிவித்துவிடுங்கள்.

ஓர் எழுத்து வேறுபாடு

லினக்ஸில் முதல் டேப் டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. /டெவ்/எஸ்டி0 என்ற பெயரில் அதைத் திறந்தால், ஒவ்வொரு கட்டளையும் முடிந்தவுடன் டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். முன்னால் ஓர் 'என்' சேர்த்து /டெவ்/என்எஸ்டி0 என்று திறந்தால், கட்டளை முடிந்த இடத்திலேயே டேப் நிற்கும். ஃப்ரீபிஎஸ்டியில் இதே வேறுபாடு எஸ்ஏ0, என்எஸ்ஏ0 என்ற பெயர்களிலும், சோலாரிஸில் /டெவ்/ஆர்எம்டி/0 என்பதன் பின்னால் 'என்' சேர்ப்பதிலும் இருக்கிறது.

பணியில் சேர்ந்த தொடக்கத்தில், ஒரு மாலை நேரத்தில், கணக்குப் பிரிவின் ஒரு கோப்பை மீட்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தேவைப்பட்டது டேப்பின் மூன்றாவது தொகுப்பு. நான் எஸ்டி0 என்ற பெயரிலேயே இரண்டு எல்லைக்குறிகளைத் தாண்டச் சொன்னேன். டேப் தாண்டியது, கட்டளை முடிந்தது, உடனே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொண்டது. அடுத்து நான் கொடுத்த டார் கட்டளை முதல் தொகுப்பிலிருந்து கோப்புகளை எடுத்தது. அதை நேரடியாக அவர்களுடைய அடைவிலேயே விரித்தேன் என்பதால், அந்த வாரம் அவர்கள் திருத்தி வைத்திருந்த வேறு கோப்புகளின்மேலும் பழைய பிரதிகள் ஏறிவிட்டன. ஒரு கோப்பைக் கேட்டு வந்தவர்களுக்கு ஒரு வாரத்து உழைப்பை இழக்கச் செய்த அந்த மாலை இன்றும் மனத்தை உறுத்துகிறது. இனி நான் சொல்லப்போகும் இரண்டு பழக்கங்களும் அன்று கற்றவை: எப்போதும் 'என்' சேர்ந்த பெயரையே பயன்படுத்துவது, எப்போதும் வெற்று அடைவு ஒன்றில் மட்டுமே விரிப்பது.

எங்கே நிற்கிறோம் என்று கேட்பது

டேப்பை நகர்த்தும் கட்டளையின் பெயர் எம்டி. லினக்ஸில் எம்டி-எஸ்டி என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். டேப்பைச் செருகியபின், நிர்வாகி உரிமையுடன் இதைத் தட்டவும்:

எம்டி -எஃப் /டெவ்/என்எஸ்டி0 ஸ்டேட்டஸ்

விடையில் முக்கியமானவை சில. 'ஃபைல் நம்பர்' என்பது எத்தனையாவது தொகுப்பு என்பதையும், 'பிளாக் நம்பர்' என்பது அந்தத் தொகுப்புக்குள் எத்தனையாவது துண்டு என்பதையும் காட்டும். இரண்டும் 0 என்றிருந்து, கடைசி வரியில் பிஓடி என்ற எழுத்துகளும் இருந்தால், டேப் தன் தொடக்கத்தில் நிற்கிறது. எழுதத் தடை இருப்பதைக் குறிக்கும் சுருக்கமும் அதே வரியில் தெரியவேண்டும். தெரியாவிட்டால் டேப்பை வெளியே எடுத்துத் தாழை மறுபடி பாருங்கள்.

எண்ணிக்கை 0-வில் தொடங்குகிறது என்பதை மறக்கவேண்டாம். மூன்றாவது தொகுப்பின் எண் 2. அங்கே போவதற்கு இப்படித் தட்டலாம்:

எம்டி -எஃப் /டெவ்/என்எஸ்டி0 ஏஎஸ்எஃப் 2

இது டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, அங்கிருந்து இரண்டு எல்லைக்குறிகளைத் தாண்டும். இருக்கும் இடத்திலிருந்தே தாண்டச் செய்யும் எஃப்எஸ்எஃப் என்ற கட்டளையும் உண்டு. அது வேகமானது, ஆனால் இருக்கும் இடத்தைத் தவறாக நினைத்துக்கொண்டால் போய்ச் சேரும் இடமும் தவறும். ஆகவே தொடக்கநிலையில் ஏஎஸ்எஃப் போதும்.

மறுபடியும் ஸ்டேட்டஸ் கேளுங்கள். ஃபைல் நம்பர் 2, பிளாக் நம்பர் 0 என்று வரும். கூடவே இஓஎஃப் என்ற எழுத்துகளும் தெரியும். 'கோப்பு முடிந்தது' என்று பொருள்கொண்டு டேப் காலியோ எனப் பலரும் திகைக்கும் இடம் இது. எல்லைக்குறியை இப்போதுதான் தாண்டி நிற்கிறோம் என்பது மட்டுமே அதன் பொருள். நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

இது என்ன வகை டேப்

டேப்பின் உறையில் விவரம் எழுதியிருந்தால் நல்லது. எழுதியிருப்பதை நம்புவதற்கு முன்னும், எழுதாமல் விட்டிருந்தாலும், ஒரே ஒரு துண்டைப் படித்துப் பார்ப்பதில் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும்:

டிடி ஐஎஃப்=/டெவ்/என்எஸ்டி0 ஓஎஃப்=துண்டு பிஎஸ்=1எம் கவுன்ட்=1

1 மெகாபைட் வரை படிக்கத் தயார் என்று சொல்கிறோம் (1எம் என்பதில் 'எம்' மட்டும் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும்). டேப்போ தன்னிடமுள்ள ஒரு துண்டை மட்டுமே தரும். எத்தனை பைட் வந்தது என்று டிடி தெரிவிப்பதுதான் டேப்பின் துண்டு அளவு. 10240 என்று வந்தால் டார் வழக்கமாக எழுதும் அளவு அது, அதாவது 512 பைட் கொண்ட 20 பகுதிகள். 65536 என்று வந்தால் 512-ஆல் வகுக்க 128 கிடைக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; பின்னால் டாருக்கு பிளாக்கிங்-ஃபேக்டர் என்று தரவேண்டியது அதுதான். அடுத்து, அந்தத் துண்டின்மேல் 'ஃபைல்' கட்டளையை ஓட்டினால், அது டார் தொகுப்பா, ஜிசிப் முறையில் சுருக்கப்பட்டதா, டம்ப் கட்டளை எழுதியதா என்று சொல்லிவிடும். இதற்குள் ஹெட் ஒரு துண்டு முன்னே நகர்ந்திருக்கும் என்பதால், ஏஎஸ்எஃப் 2 கட்டளையை மறுபடி கொடுக்கவேண்டும்.

டார் தன் வழக்கமான அளவில் படிக்க முயன்று, டேப்பில் உள்ள துண்டு அதைவிடப் பெரியதாக இருந்தால், நினைவகம் ஒதுக்க முடியவில்லை என்ற பிழை வரும். கணினியில் ராம் போதவில்லை என்று எண்ணி அலையவேண்டாம். துண்டு அளவைச் சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும். உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை வந்து, ஸ்டேட்டஸில் துண்டு அளவு 512 என்பதுபோல் நிலையானதாகக் காட்டினால், 'செட்பிஎல்கே 0' என்ற எம்டி கட்டளையால் டிரைவை மாறும் அளவு நிலைக்கு மாற்றிவிட்டு முயலுங்கள்.

முதலில் பட்டியல், அதன்பின் கோப்பு

டார் என்ற பெயரே டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலிருந்து அது நம்மிடையே இருக்கிறது. தொகுப்பில் உள்ளவற்றைப் பட்டியலிட:

டார் --லிஸ்ட் --வெர்போஸ் --பிளாக்கிங்-ஃபேக்டர்=128 --ஃபைல்=/டெவ்/என்எஸ்டி0 > பட்டியல்

ஜிசிப் முறையில் சுருக்கப்பட்ட தொகுப்பென்றால் --ஜிசிப் என்பதையும் சேர்க்கவேண்டும்; வட்டில் உள்ள கோப்புக்குச் செய்வதுபோல் டேப்பில் டார் அதைத் தானாக ஊகித்துக்கொள்ளாது.

பட்டியலைத் திரையில் ஓடவிடாமல் கோப்பாகச் சேமிப்பதற்குக் காரணம் உண்டு. டாருக்குப் பொருளடக்கம் கிடையாது என்பதால் தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்தே அது பட்டியல் தரும். 2.5 டெராபைட் கொண்ட எல்டிஓ-6 டேப் முழுவதும் ஒரே தொகுப்பாக இருந்தால், நொடிக்கு 160 மெகாபைட் என்ற முழு வேகத்தில்கூட நான்கு மணி நேரத்துக்குமேல் ஆகும். அதை இரண்டாம்முறை செய்ய யாருக்கும் மனம் வராது. கேட்டவரிடமும் இந்தக் கால அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பட்டியலில் உங்கள் கோப்பு எந்தப் பெயரில் இருக்கிறதோ, அதே பெயரை எழுத்து பிசகாமல் தரவேண்டும். குனு டார் தொடக்கத்திலுள்ள சாய்கோட்டை நீக்கிவிட்டே சேமிக்கும். எனவே /ஹோம்/கணக்கு என்று கேட்டால் கிடைக்காது, ஹோம்/கணக்கு என்று கேட்டால் கிடைக்கும். சில தொகுப்புகளில் முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் இருக்கும். அதையும் சேர்த்தே தரவேண்டும்.

இப்போது போதிய இடமுள்ள வட்டில் 'மீட்பு' என்று ஒரு வெற்று அடைவை உருவாக்குங்கள். டேப்பை மறுபடி ஏஎஸ்எஃப் 2-இல் நிறுத்தி, ஸ்டேட்டஸ் பார்த்துவிட்டு:

டார் --எக்ஸ்ட்ராக்ட் --வெர்போஸ் --பிளாக்கிங்-ஃபேக்டர்=128 --ஃபைல்=/டெவ்/என்எஸ்டி0 --டைரக்டரி=/மீட்பு ஹோம்/கணக்கு/மார்ச்.ஓடிஎஸ்

கோப்பின் பெயர் திரையில் தோன்றிய பிறகும் டார் நிற்காமல் தொகுப்பின் முடிவுவரை படித்துக்கொண்டே இருக்கும். ஒரே கோப்புதான் தேவை என்றால் --அக்கரன்ஸ் என்ற விருப்பத்தையும் சேருங்கள், கிடைத்தவுடன் நின்றுவிடும். வேறு கணினியில் மீட்கிறீர்கள் என்றால் --நியூமெரிக்-ஓனர் சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் பயனர் பெயர்கள் பொருந்தும் இடத்தில் உரிமை வேறொருவருக்குப் போய்விடக்கூடும்.

அன்றாட மாற்றங்களை மட்டும் சேமிக்கும் படிநிலைக் காப்புநகல்களாக இருந்தால், முழு அடைவை மீட்கும்போது முதலில் முழுக் காப்புநகலையும், பிறகு ஒவ்வொரு நாளின் தொகுப்பையும் வரிசை மாறாமல் விரிக்கவேண்டும். இதற்கான --லிஸ்டட்-இன்கிரிமென்டல் விருப்பத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது: காப்புநகல் எடுத்த நாளில் அடைவு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவதுதான் அதன் வேலை என்பதால், அன்று இல்லாத கோப்புகளை அது நீக்கிவிடும். மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் அடைவில் இதை ஒருபோதும் ஓட்டவேண்டாம்.

டம்ப் வகை டேப்பாக இருந்தால்

அப்போது டாருக்குப் பதில் ரெஸ்டோர் கட்டளை. வெற்று அடைவுக்குள் சென்று, டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, ரெஸ்டோர் -ஐ -எஸ் 3 -எஃப் /டெவ்/என்எஸ்டி0 என்று தட்டினால், மூன்றாவது தொகுப்பு திறக்கும். இங்கே எண்ணிக்கை 1-இல் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். எம்டியில் 2 என்றது இங்கே 3. கோப்புகளின் பெயர்கள் தொகுப்பின் தொடக்கத்திலேயே இருப்பதால் பட்டியல் விரைவில் வந்துவிடும். எல்எஸ், சிடி ஆகியவற்றால் உள்ளே உலாவி, ஆட் என்று கோப்பைக் குறித்து, எக்ஸ்ட்ராக்ட் என்று சொல்லுங்கள். எந்த டேப் என்று கேட்கும். ஒரே டேப் என்றால் 1. பல டேப்புகளில் பரவியிருந்து, கோப்பு எதில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், கடைசி டேப்பிலிருந்து தொடங்கி முதல் டேப்பை நோக்கி வரவேண்டும். முடிவில் அடைவின் உரிமையை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடையளியுங்கள்.

படிக்கும்போது பிழை வந்தால்

அதே இடத்தை மீண்டும் மீண்டும் படிக்கவைத்து நாடாவை வருத்தவேண்டாம். டிமெசேஜ் (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தெழுத்து) கட்டளையில் கர்னலின் செய்தியைப் பாருங்கள், டிரைவைச் சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜை ஒருமுறை ஓட்டுங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் வேறொரு டிரைவில் முயலுங்கள். பழுது டிரைவில் இருந்து, டேப் நன்றாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பொறுமை இங்கே வீண்போவதில்லை. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழை ஒன்றால் ஜிமெயிலில் 0.02 சதவீதப் பயனர்களின் அஞ்சல்கள் பல பிரதிகளிலிருந்தும் அழிந்தபோது, அவற்றை கூகுள் டேப்பிலிருந்துதான் மீட்டது. கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருந்ததால் அந்தப் பிழையால் டேப்பைத் தொட முடியவில்லை.

ஒப்படைப்பது

மீட்பு அடைவில் வந்த கோப்பின் அளவையும் தேதியையும் சேமித்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிறகு, கேட்டவரையே பக்கத்தில் அமர்த்தி, கோப்பைத் திறந்து, அவர் தேடிய வரி அதில் இருக்கிறதா என்று அவர் வாயாலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அவருடைய அடைவில் அதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருந்தால், அதை வேறு பெயருக்கு மாற்றி வைத்துவிட்டு, அதன்பின் மீட்டதை நகலெடுத்து வையுங்கள்.

கடைசியாக, எம்டி -எஃப் /டெவ்/என்எஸ்டி0 ஆஃப்லைன் என்று கொடுத்தால் டேப் சுற்றப்பட்டு வெளியே வரும். தாழ் பூட்டியபடியே இருக்கட்டும். எந்தத் தொகுப்பு எந்த எண்ணில் இருக்கிறது, துண்டு அளவு என்ன, எந்தக் கட்டளையால் எழுதப்பட்டது என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி டேப்பின் பெட்டிக்குள் வையுங்கள். சேமித்த பட்டியலையும் டேப்பின் எண்ணைப் பெயராக இட்டு சர்வரில் வைத்துவிடுங்கள்.